இடுப்புப் பிள்ளை

நான் அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் வேலைக்கு வேண்டிய ஒரே கருவி பேனா. அதையும் அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. இப்படிப்பட்ட ஒருவன் குறடு, கத்தி, ரம்பம், அரம், ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல் எல்லாம் மடங்கி ஒன்றுக்குள் ஒன்றாகப் படுத்திருக்கும் ஓர் இரும்புச் சாமானை இத்தனை வருடமாக இடுப்பில் கட்டிக்கொண்டு எதற்கு அலைகிறான் என்று கேட்டால் என்னிடம் மரியாதையான பதில் கிடையாது. பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். சிலர் விரலில் ராசிக்கல் மோதிரம் போட்டுக்கொண்டு திரிவதில்லையா? அதைவிட இது கொஞ்சம் உபயோகம்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் வாப்பா காலத்திலிருந்தே கடல் தாண்டிப் பிழைக்கும் குடும்பம். அவனும் வளைகுடாவில் ஏதோ கிடங்குக்கு மேற்பார்வை. ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் செண்ட் பாட்டிலும் சோப்பும் பேரீச்சம்பழமும் கொண்டுவருவான். ஒரு தடவை எனக்கு மட்டும் ஒரு கறுப்புப் பையை நீட்டினான்.

"மாப்ள, இதுக்குப் பேரு மல்டிடூல். இது ஒண்ணு இடுப்புல இருந்தா நீ ஒரு பயலையும் எதிர்பார்க்க வேணாம்" என்றான்.

நானோ பல்பு மாட்டுவதற்கே ஆளைத் தேடுகிறவன். அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் கொடுத்தான். நானும் வாங்கிக்கொண்டேன். குறடை விரித்து மூடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கே நான் விழுந்துவிட்டேன்.

சாமான் கையில் இருந்தால் வேலை தானாகத் தேடி வரும். தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அக்கா, கேஸ் அடுப்பின் திருகு ஆடுகிறது என்றார். நான் போய் முடுக்கினேன். அதன்பிறகு அது ஆடவே இல்லை, திரும்பவும் இல்லை. அலுவலகத்தில் மின்விசிறியின் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டினேன். மின்விசிறி நன்றாக ஓடியது, பக்கத்து அறையில் விளக்குகள் அணைந்தன. இவ்வளவுக்கும் பிறகு ஊரில் என்னை யாராவது நம்பிக் கூப்பிட்டார்கள் என்றால் அது ஒரே ஒரு வேலைக்குத்தான். பாட்டில் மூடி திறக்க. சரக்கு மலிவாகக் கிடைக்கும் எங்கள் ஊரில் அது குறைந்த வேலையா என்ன? எல்லைக்கு அந்தப் பக்கத்து மாவட்டங்களிலிருந்து, பத்து வருடமாக எட்டிப் பார்க்காத சொந்தக்காரர்களெல்லாம் திடீர்ப் பாசம் பொங்கி வருவார்கள். வந்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். இடுப்பைத்தான் பார்ப்பார்கள்.

என் மனைவி அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் அந்தச் சாமானுக்கு வைத்த பெயர் இடுப்புப் பிள்ளை. "இடுப்புப் பிள்ளைய எறக்கி வெச்சுட்டு சாப்புட வாங்க. இல்லேன்னா அதுக்கும் ஒரு எலை போடவா?" என்பாள். மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீட்டில் கேலி செய்ய நான் ஒருவன்தானே மிச்சம். முழுக் கேலியும் என் மேலேயே விழுந்தது.

சாமானை வைத்திருப்பது பெரிய விஷயமில்லை. விழாமல் வைத்திருப்பதுதான் விஷயம். அதோடு வந்த பைக்கு வெல்க்ரோ மூடி. திறக்கும்போதெல்லாம் துணி கிழிவதுபோல் 'பர்ர்' என்று சத்தம் போடும். அதிகாரி கூட்டம் நடத்திக்கொண்டிருக்கும்போது பென்சில் சீவலாம் என்று திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்க்காமல் நாகரிகமாக ஜன்னலைப் பார்த்தார்கள். என்ன நினைத்துக்கொண்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதை விளக்கவும் முடியாது.

வெல்க்ரோ தேய்ந்துபோய் ஒட்டாமல் ஆனதும், வேகத்தடையில் ஸ்கூட்டர் குதித்தால் அதுவும் குதித்துக் கீழே போய்விடும். பை தைக்கும் கடையில் கொடுத்து தோலில் டிச் பட்டன் வைத்து ஒன்று தைத்துக்கொண்டேன். அது கச்சிதமாக இருந்தது. ஆனால் அலுவலகக் கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபோது வயிறு அமுக்கி பட்டன் திறந்துகொண்டது. சாமான் பீங்கானில் மோதி, ஓட்டைக்குள் போவதற்கு விரற்கடை தூரத்தில் நின்றது. அப்போது நான் எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று வெளியில் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து டெட்டாலில் ஊறப்போட்டேன். "பிள்ளைய குளிப்பாட்டியாச்சா? சாம்பிராணி போடணுமா?" என்றாள் டீச்சர்.

அடுத்தது அந்த வளைகுடா நண்பனுடைய தங்கையின் மகள் கல்யாணம். அவர்கள் வீட்டில் சகன் சாப்பாடு. நாலு பேருக்கு ஒரு பெரிய தட்டு, தரையில் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட வேண்டும். சம்மணம் போட்டதும் சாமான் வயிற்றில் குத்தியது. பக்கவாட்டில் தள்ளினேன். பக்கத்தில் இருந்தவரின் விலாவில் குத்தியது. முன்னால் இழுத்துவிட்டு பிரியாணிக்குக் குனிந்தேன். பட்டன் தன் வேலையைக் காட்டியது. சாமான் நேராகத் தாளிச்சாக் கிண்ணத்துக்குள் இறங்கியது. தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் வயதான ஒருவர் அதைக் கரண்டியால் அள்ளி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, கறி வேகாம இருந்தா சொல்ல வேண்டியதுதானே. வீட்டுலேருந்தே ஆயுதத்தோட வரணுமா?" என்றார்.

நண்பன் அன்று சிரித்த சிரிப்பில் அவனுக்கு விக்கல் எடுத்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தட்ட வேண்டியிருந்தது. எனக்கோ உள்ளுக்குள் ரோஷம். இனி இது என் உடம்பைவிட்டு விழக்கூடாது என்று முடிவு செய்தேன்.

கோட்டுச்சேரிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைக்குப் போய், கறுப்பு நைலான் கயிறு கொஞ்சம் வாங்கினேன். ஒரு முனையைச் சாமானின் வளையத்தில் கட்டிவிடலாம். மறுமுனையை எதில் கட்டுவது? பேண்டுக்குப் பெல்ட் இருக்கிறது. வேட்டிக்கு? வீட்டில் கட்டும் கைலிக்கு? கடைக்காரரிடம் என் பிரச்சனையைச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"அரணாக்கயிறு கட்டியிருக்கீங்கள்ல? அதுல கட்டுங்க. எந்த உடுப்பு மாத்துனாலும் அது மாறாது பாருங்க."

எனக்குப் புல்லரித்தது. பிறந்ததிலிருந்து இடுப்பில் ஒரு கயிறு சும்மா கிடக்கிறது, அதற்கு ஒரு வேலை கொடுக்க இத்தனை வருடம் எனக்குத் தோன்றவில்லையே. அவரே வலைக்குப் போடும் முடிச்சு ஒன்றைப் போட்டு இறுக்கிவிட்டார். அன்றிலிருந்து சாமான் பகலில் பெல்ட்டுப் பையில், வீட்டில் கைலி மடிப்பில். எது நழுவினாலும் கயிற்றில் தொங்கும். பாதுகாப்பு என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு. குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும், சாமான் வளையத்தில் மாட்டியிருந்த கொக்கியைக் கழற்றி வைப்பேன். பிறகு அந்தக் கொக்கியும் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. அதோடு கழற்றுவதையும் விட்டுவிட்டேன்.

டீச்சர் அதை முதன்முதலில் பார்த்தபோது கையிலிருந்த விடைத்தாள்களைக் கீழே வைத்துவிட்டாள். "கல்யாணத்துல நீங்க எனக்குத் தாலி கட்டுனீங்க. இப்ப உங்களுக்கு நீங்களே கட்டிக்கிட்டீங்க. நல்லா இருங்க" என்றாள்.

அவள் எப்படிப்பட்டவள் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். கிரகணத்தன்று எங்கள் தெருவே கதவைச் சாத்திக்கொண்டு தர்ப்பைப் புல்லைத் தேடும்போது, இவள் மாணவிகளை மொட்டைமாடிக்கு வரவழைத்து, இட்லி தின்றுகொண்டே பாடம் நடத்துவாள். பல்லி விழுந்தால் என்ன பலன் என்று நான் நாள்காட்டியைப் புரட்டினால், "பல்லிக்கு என்ன பலன்னு போட்டிருக்கா? பாவம், அதுதானே விழுந்துச்சு" என்பாள். எங்கள் ஜாதகங்களைக் கல்யாணத்துக்குப் பிறகு அலமாரித் தட்டில் விரிப்பதற்கு எடுத்துக்கொண்டவள். நானோ எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன். அரணாக்கயிறு நைந்துபோனால்கூட, புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பேன். உயிரோடு இருக்கிற ஆணின் இடுப்பு ஒரு நிமிடம்கூட வெறுமையாக இருக்கக்கூடாது, செத்தால்தான் அதை அறுப்பார்கள் என்று என் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அதை அவள் கேலி செய்வாள். நானும் சிரித்துக்கொண்டே, புதியதைக் கட்டிய பிறகு பழையதை அறுப்பேன்.

அவள் காலில் மெட்டி உண்டு. கேட்டால், "போலகத்துலேருந்து அம்மா வந்தா மொதல்ல காலத்தான் பார்க்கும். அந்தச் சண்டைக்கு எனக்கு நேரமில்ல" என்பாள். மெட்டியின் வாய் சேலைக் கரையில் மாட்டி மாட்டி நூலை இழுத்ததால், நகைக்கடையில் கொடுத்து வாயை ஒட்டி, முழு வளையமாக ஆக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது வெறும் வெள்ளிக் கம்பி, சேலையைக் கிழிக்கக்கூடாது, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்காரம்மா கெளுத்தி கொண்டுவந்தார். டீச்சர் கொல்லையில் உட்கார்ந்து மீனை ஆய்ந்தாள். கெளுத்தியின் முதுகு முள்ளை வெட்டிச் செய்தித்தாளில் ஒதுக்கி வைத்திருந்தாள். பூனை அந்தத் தாளை இழுத்துப் போட்டிருக்கிறது. சட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பியவள் முள்ளின் மேல் காலை வைத்துவிட்டாள். மெட்டி விரலின் அடியில் ஏறிவிட்டது.

அலறல் கேட்டு ஓடினேன். அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வழிய எனக்குப் பாடம் நடத்தினாள். "வெந்நீ கொண்டாங்க. பொறுக்குற சூட்டுல. அந்த வெஷம் ஒரு புரதங்க. சூட்டுல முறிஞ்சிடும். நிக்காதீங்க, போங்க." நான் அடுப்பைப் பற்றவைத்து வெந்நீர் வைத்தேன். முள்ளைக் குறடால் இழுத்து எடுத்தேன். நானேதான், என் சாமானால்தான். அவள் அதற்குப் பாராட்டவில்லை. வெந்நீரில் வைத்ததும் வலி குறைந்தது. அவள் சொன்னது சரிதான்.

வலி குறைந்ததே தவிர வீக்கம் குறையவில்லை. மதியத்துக்குள் விரல் மெட்டிக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி, மெட்டியே தெரியாமல் சதைக்குள் புதைந்துவிட்டது. நகத்தைச் சுற்றி நாவல்பழ நிறம். தொட்டால் தெரியவில்லை என்றாள். அவள் குரலில் கேலி போய்விட்டதை அப்போதுதான் கவனித்தேன். எதிர்வீட்டு அக்கா ஆட்டோவைக் கூப்பிட்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு, கட்டியிருந்த கைலியோடேயே ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தது ஒரு சின்ன கிளினிக்தான். இளம் டாக்டர் ஒருவரும் ஒரு நர்ஸும் இருந்தார்கள். ஊசி போட்டார்கள். சோப்புத் தண்ணீர் விட்டு உருட்டிப் பார்த்தார்கள். நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள். மெட்டி அசையவில்லை. டாக்டர் நிமிர்ந்தார்.

"வெட்டித்தான் எடுக்கணும் சார். விரலுக்கு ரத்தம் சரியாப் போகல. இன்னும் நேரம் கடத்துனா விரலைக் காப்பாத்துறது கஷ்டம். எங்ககிட்ட மோதிரம் வெட்டுற கட்டர் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரட்டுமா? இல்ல, பக்கத்துல யார்கிட்டயாச்சும் நல்ல கட்டிங் பிளேயர் கெடைக்குமா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனை வருடம் இரும்பைச் சுமந்தேன் போலிருக்கிறது. சட்டையைத் தூக்கினேன்.

"சார், என்ன பண்றீங்க?" என்று நர்ஸ் பின்வாங்கினார்.

கைலி மடிப்பிலிருந்து சாமானை எடுத்து, 'டிக்' என்று குறடை விரித்துக் காட்டினேன். டாக்டர் முகம் மலர்ந்தது. குறடின் அடிவாயில் கம்பி வெட்டும் இடத்தைத் தடவிப் பார்த்து, "பிரமாதம் சார், வெள்ளிதானே, வெட்டிடலாம்" என்றார். ஸ்பிரிட்டில் துடைக்கச் சொன்னார். நான் என் மனைவியை ஒரு பார்வை பார்த்தேன். இதற்கு என்ன சொல்கிறாய் டீச்சர் என்கிற பார்வை. என் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அது.

அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள்.

வலிக்குப் பயப்படுகிறாள் என்று டாக்டர் நினைத்து, மரத்துப்போக ஊசி போடுவதாகச் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். மெட்டி போனால் புதியது வாங்கிக்கொள்ளலாம் என்றார் நர்ஸ். அதற்கும் தலையாட்டல். எதிர்வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிறவர், வாசலில் எலுமிச்சம்பழம் தொங்கவிடுகிறவர். அவரே கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "ஏம்மா, வெரலு முக்கியமா மெட்டி முக்கியமா? அம்மனெல்லாம் ஒண்ணும் சொல்லாது. நான் வேண்டிக்கிறேன், நீ காலக் குடு" என்றார்.

"எனக்குத் தெரியும்க்கா. அது வெறும் வெள்ளி. எனக்கு யாரும் சொல்லித்தர வேணாம். எனக்கு எல்லாம் தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "ஆனா வெட்டாதீங்க. நீங்க போட்டது. நீங்க இருக்கையில அத வெட்டக்கூடாது."

"ஏய், நீயா பேசுற?"

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அது போய்விட்டது. கிரகணத்தில் இட்லி தின்றவள் இவள்தானா?

"அன்னிக்கு நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தீங்கள்ல" என்றாள். மழைக்காலத்தில் ஒருநாள் எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இதே ஊரில்தான் இசிஜி எடுத்தோம். வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் அலுவலகத்துக்கே போன் போட்டு, 'அவருக்கு ஹார்ட்டே இல்லையாம், அதனால பயமில்லையாம்' என்று சொல்லிச் சிரித்தவள். நானும் அதை நம்பினேன். "அன்னிலேருந்து ராத்திரியில நான் தூங்கல. உங்களுக்குத் தெரியாது. நீங்க குறட்டை விடுவீங்க. குறட்டை நின்னா எழுந்து உக்காந்துக்குவேன்."

எனக்கு அவள் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது. கோபமும் வந்தது. விரல் கறுத்துக்கொண்டிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனாலும் அங்கேயும் வெட்டத்தான் போகிறார்கள். அங்கேயும் இவள் காலை இழுத்துக்கொள்வாள். கையைக் காலைப் பிடித்து அமுக்கி வெட்டிவிடலாம். வெட்டிவிட்டால் அவள் பயம் போய்விடுமா? எனக்குத் தும்மல் வந்தால்கூட இதுதான் காரணம் என்று வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டு கிடப்பாள். அறிவியல் படித்தவளுக்கு அது வெளியில் சொல்லவும் முடியாத பயம்.

நேரம் போகிறது என்று நர்ஸுக்குப் பதற்றம். "சார், மொதல்ல அந்தக் கயித்த அறுத்துட்டு சாமானக் குடுங்க. டாக்டர் ரெடியா இருக்காரு" என்றார். அவர் சொன்னது நைலான் கயிற்றை.

நான் கத்தியை விரித்தேன். சட்டையைத் தூக்கிப் பல்லில் கடித்துக்கொண்டேன். நைலான் கயிற்றை விட்டுவிட்டு, கத்தியை அரணாக்கயிற்றுக்கு அடியில் நுழைத்தேன். வீரமாகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். பயத்தில் உள்ளங்கை வேர்த்து, கத்தியின் பிடி வழுக்கியது. நெஞ்சு அடித்தது எனக்கே கேட்டது. இப்போது நிஜமாகவே நெஞ்சுவலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரே இழுப்பு. கயிறு அறுந்தது.

"என்னங்க பண்றீங்க!" என்று அவள் கத்தினாள்.

அறுந்த கயிற்றை, சாமானும் அதில் தொங்க, அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இத எப்ப அறுப்பாங்க? சொல்லு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"செத்தாத்தானே? அறுத்தாச்சு. முடிஞ்சிபோச்சு. நான் காலி. மெட்டிய வெட்டி இனிமே என்ன புதுசா ஆகப்போவுது? எதுக்குப் பயப்படுற? காலக் குடு."

இந்த வசனத்தை நான் ஒழுங்காகப் பேசி முடித்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கைலியை அரணாக்கயிற்றுக்குள் செருகித்தான் கட்டியிருந்தேன். கயிறு போனதும் அதற்குப் பிடிமானம் போய்விட்டது. 'காலக் குடு' என்று கையை நீட்டும்போது அது தன் பாட்டில் கிளம்பியது. ஒரு கையில் சாமான், மறுகையால் கைலியைத் தொடையில் மடக்கிப் பிடித்தேன். எதிர்வீட்டு அக்கா "ஐயோ அம்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் மேஜையில் எதையோ தேட ஆரம்பித்தார். நர்ஸ் மட்டும் நிதானம் தவறாமல் கட்டுத்துணிச் சுருளை எடுத்து வந்து, கைலியோடு சேர்த்து என் இடுப்பைச் சுற்றி நாலு சுற்று சுற்றி, பிளாஸ்டர் ஒட்டினார்.

"பொணம் எழுந்து ஓடிடாம இருக்கட்டும்" என்றார்.

முதலில் சிரித்தது என் மனைவிதான். அழுகையும் சிரிப்பும் கலந்து, மூக்கு ஒழுக, என் தலையில் ஓங்கி ஒரு போடு போட்டாள். "வாயில என்ன பேச்சு பேசுறீங்க. வெளக்கு வெக்கிற நேரத்துல." மணி என்னவோ மதியம் மூன்றுதான் இருக்கும். போட்டுவிட்டு, அவளே காலை மெதுவாக நீட்டினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என் சட்டைக் கையை மட்டும் விடவில்லை.

டாக்டர் வெட்ட வந்தார். "அவரே வெட்டட்டும்" என்றாள் சுவரைப் பார்த்தபடி.

டாக்டர் தட்டையான ஒரு கம்பியால் சதையை ஒதுக்கிக் கொடுத்தார். நான் குறடின் நுனியை நுழைத்து அமுக்கினேன். வெள்ளி இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் வெட்டியாயிற்று. மறுபக்கம் வெட்டும்போது அவள் என் சட்டையை இறுக்கிய இறுக்கில் தையல் பிரிந்தது. மெட்டி இரண்டு துண்டாகக் கட்டிலில் விழுந்தது. விரலில் அது இருந்த இடத்தில் ஆழமாக ஒரு பள்ளம். கொஞ்ச நேரத்தில் நகத்தோரம் சிவப்பு ஏறியது. "கிள்ளுங்க" என்றாள். கிள்ளினேன். "ம். தெரியுது" என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கேயே அழுதுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆட்டோவில் திரும்பும்போது வழியில் நிறுத்தச் சொல்லி, ஒரு கடையில் அரணாக்கயிறு வாங்கி வரச் சொன்னாள். வீட்டுக்குப் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்றேன். கேட்கவில்லை. ஆட்டோவிலேயே, கட்டுத்துணிக்கு மேலேயே, தன் கையால் சுற்றி முடிச்சுப் போட்டாள். எதிர்வீட்டு அக்கா அதைப் பார்க்காத மாதிரி வெளியில் பார்த்துக்கொண்டு வந்தார்.

விரல் ஆறியது. புதிய மெட்டியை நான்தான் போட்டுவிட்டேன், இந்தத் தடவை வாய் திறந்த மெட்டி. சேலை நூல் இழுத்தால் இழுத்துவிட்டுப் போகட்டும் என்றாள். சாமானைத் திரும்பவும் பெல்ட்டில் பையோடு மாட்டிக்கொள்கிறேன். வீட்டுக்குள் வந்தால் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அவள் கெளுத்தி முள்ளையும் புரதத்தையும் பற்றிப் பாடம் நடத்தியதாகச் சொன்னாள். மெட்டியைப் பற்றி நடத்தினாளா என்று கேட்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்றாள்.

ஆனால் ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சிவிட்டது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால், மூக்குக்குக் கீழே ஒரு விரல் வந்து நிற்கும். முன்பெல்லாம் இரவில் நான் அறியாமல் செய்தது, இப்போது பகலிலேயே நடக்கிறது. நான் கண்ணைத் திறந்தால், "கொசு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. நான் தூங்கவில்லை, சும்மா கண்ணை மூடிக் கிடந்தேன். எனக்கு ஒரு குறும்பு. மூச்சை அடக்கிக்கொண்டேன்.

விரல் அசையவில்லை. பிறகு இரண்டு விரல்கள் வந்து என் மூக்கைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தன. பிடித்தது பிடித்தபடி இருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து உட்கார்ந்தேன்.

"சாவுறதுன்னா ஒழுங்கா சாவுங்க. நடிக்காதீங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பப் படுக்கவைத்து, மூக்கை விட்ட கையை என் நெஞ்சின் மேல் வைத்தாள். அந்தக் கையை அவள் எடுக்கும்வரைக்கும், அவளுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி, நான் சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தேன்.